டிக்கிக்குள் அன்னாசி, கூரைமேல் சைக்கிள்

ஒரு அன்னாசிப் பழத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது பழக்கடையில் அதைப் பார்த்தாலே பல்லைக் கடிக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன். நடுவில் யாரும் "விடு, பெரியவக தெரியாம செஞ்சுட்டாக" என்று ஆரம்பிக்க வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போச்சு.

நான் சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறவள். கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் இல்லை. ஆட்டுக்கொம்பு மாதிரி ஹேண்டில் வளைந்த, டயர் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ரேஸ் சைக்கிள். மதுரையில் ஒரு அக்கா கல்யாணம் நிச்சயமானதும் விற்றாள், நான் வாங்கினேன். காரைக்குடியில் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும், படித்து முடித்துச் சும்மா இருக்கும் இந்த ஒரு வருஷமும், விடிந்தால் கல்லல் ரோடு. சில நாள் புதுவயல் பக்கம் போவேன். அங்கே மில்லிலிருந்து உமி ஏற்றி வரும் லாரிக்குப் பின்னால் ஓட்டினால் காற்று அடிக்காது, உமிதான் அடிக்கும். கண்ணில் உமியோடு ஓட்டிப் பழகியவள் நான். சும்மா ஒன்றும் இந்த இடத்துக்கு வரவில்லை.

எந்த இடம்? மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. திண்டுக்கல் பைபாஸ் ரோட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக ஒரு நிமிஷ இடைவெளியில் கிளப்பி விடுவார்கள். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், கடிகாரத்தோடு மட்டும் சண்டை. முதல் ஆறு பேரைப் பயிற்சி முகாமுக்கு எடுப்பார்கள். இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் பிரிவில் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் என்றால், பத்து வருஷமாக ஓட்டித் தொடையெல்லாம் இரும்பாகிப் போன அக்காமார்களோடு மோத வேண்டும். என்னுடைய பயிற்சி நேரங்களை வைத்துப் பார்த்தால் ஆறுக்குள் வந்துவிடுவேன். எனக்குத் தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இந்தச் சைக்கிளில் ரப்பர் பிரேக் கிடையாது, டிஸ்க். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் தோசைக்கரண்டி கனத்தில் வட்டமாக ஒரு இரும்புத் தகடு இருக்கும். பிரேக் பிடித்தால் இரண்டு சின்ன வில்லைகள் அதை இரண்டு பக்கமும் கவ்வும். அந்தத் தகட்டில் எண்ணெய் பட்டால் கதை முடிந்தது, வழுக்கும். வீட்டில் எல்லாரிடமும் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். விரலால்கூடத் தொடாதீர்கள் என்று. யார் கேட்டார்கள்?

அதே ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் அத்தை மகளுக்குக் காதுகுத்து. அத்தை என் அப்பாவுடன் பிறந்தவள். அப்பா சிங்கப்பூரில் இருப்பதால் தாய்மாமன் சீரைச் சித்தப்பா கொண்டுபோக வேண்டும். சித்தப்பாவிடம் ஒரு கார் உண்டு. டாக்ஸியாக ஓடிய வண்டியை வாங்கி மஞ்சள் போர்டை மாற்றியது. கூரையில் அந்தக் காலத்துக் கேரியர் இன்னும் இருக்கிறது.

"நீ எதுக்கு அந்தச் சைக்கிளத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல அலையுற? நம்ம கார்ல வா. சனிக்கிழமையே போயிருவோம். காலைல உன் ரேசு, மத்தியானம் காதுகுத்து. டிக்கி உனக்குத்தான்" என்றார் சித்தப்பா.

"நெசமாவா சித்தப்பா? சீர்த்தட்டெல்லாம்?"

"பதினோரு தட்டுத்தான். அத பின் சீட்டுல வச்சுக்கிருவோம். டிக்கி உனக்குன்னா உனக்குத்தான்."

இந்த வாக்கு மூன்று வாரம் உயிரோடு இருந்தது. அதற்குள் எங்கள் பங்காளி ஒருத்தர் அவர் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் பத்தொன்பது தட்டு வைத்துவிட்டார். அந்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. சித்தப்பா அதை நிறுத்தி நிறுத்தித் தட்டை எண்ணினார். மறுநாளே நம் வீட்டுச் சீர் இருபத்தொன்று ஆகிவிட்டது. இதுக்கெல்லாம் காரணம் கேட்கக்கூடாது. சீர் என்றால் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், அடுத்தவனைவிடக் கூட இருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

சனிக்கிழமை காலையில் சித்தி எல்லாத் தட்டையும் கலர் கண்ணாடிப் பேப்பர் சுற்றி ரிப்பன் கட்டி முடித்துவிட்டாள். வளையல் தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு, பிஸ்கட் தட்டு, மஞ்சள் தட்டு, சாக்லேட்டைக் கோபுரம் மாதிரி அடுக்கிய தட்டு. உயரமான ஏழு தட்டைப் பின் சீட்டில் என் இடம் போக நெருக்கி வைத்தார்கள். மிச்சம் டிக்கிக்கு. நான் கத்தவில்லை. கல்லூரியில் படித்ததற்கு அது ஒன்றாவது உபயோகப்படட்டும் என்று டேப் வைத்து அளந்தேன். உயரமில்லாத தட்டுகளாகப் பார்த்து டிக்கியின் அடியில் பரப்பி, மேலே கெட்டி அட்டை வைத்து, சக்கரம் இரண்டையும் கழற்றிச் சைக்கிளைப் படுக்க வைத்துப் பார்த்தேன். மூடி மூடியது. கிளிக் என்று சத்தம் கேட்டது. சாமி சத்தியமாக அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

அப்போது சித்தி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இருபதுதான் இருக்கு."

"இருபத்தொன்னுல்ல சொன்னேன்?"

"தேங்காத் தட்டையும் பழத்தட்டையும் ஒன்னா வச்சுட்டேன் போல. இரட்டப்படையில போகக் கூடாதுங்க."

சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். கால்மணி நேரத்தில் திரும்பினார், கையில் ஒரு அன்னாசி. எங்கள் வீட்டில் யாரும் எந்த விசேஷத்துக்கும் அன்னாசி வைத்ததே கிடையாது. கடையில் அதுதான் பார்க்கப் பெருசாக இருந்ததாம். தட்டில் நிற்க வைத்து, நாலு பக்கமும் ஆப்பிளை முட்டுக் கொடுத்து, உச்சிக் கொண்டைக்கு ஒரு ரிப்பனும் கட்டினாள் சித்தி. அரை ஆள் உயரத்துக்கு ராஜா மாதிரி நின்றது. டிக்கியில் வைத்தால் அதன் மேல் ஒரு செய்தித்தாள்கூட வைக்க முடியாது.

"சித்தி, அத என் கால்மாட்டுல வச்சுக்கிறேன்."

"சீர்த்தட்டக் கால்ல வைப்பியாடி?"

"சரி, மடியில வச்சுக்கிறேன். திண்டுக்கல் வரைக்கும் புடிச்சுக்கிட்டே வாரேன்."

சித்தி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "நீதான் நேத்துத் தூரமாயிட்டியே. நாள் கணக்கு எனக்குத் தெரியாதா? சீர்த் தட்டத் தொடக் கூடாது."

ஆமாம், பீரியட்ஸ், இரண்டாம் நாள். போட்டிக்கு அந்த நேரத்தில் வருவது போதாதென்று இது வேறு. என் மடியில் பழம் உட்காரக் கூடாதாம். சித்தியே வைத்துக்கொள்ளலாமே என்றால், அவள் மடியில் குலசாமிப் பூத்தட்டு. ஒரு பெண்ணின் உடம்பு, ஒரு எண்ணிக்கை, ஒரு பழம். மூன்றும் சேர்ந்து என் சைக்கிளை டிக்கியிலிருந்து வெளியே தள்ளின.

"மேல கேரியர் இருக்குல்ல தாயி," என்றார் சித்தப்பா. "எத்தன கல்யாணத்துக்குப் பீரோ, கட்டில்னு கட்டி அனுப்பியிருக்கேன். ஒரு கீறல் விழுந்துருக்கா?"

"பீரோவுக்கு கியரு இல்ல சித்தப்பா."

"அடப் போ. நான் கட்டுனா அவுக்குறதுக்கு நானே வரணும்."

இந்த ஊரில் சீர்வரிசைப் பீரோவை வண்டியில் கட்டத் தெரிந்த ஆம்பளைக்கு அதற்கு மேல் ஒரு படிப்பு தேவையில்லை என்று நினைப்பு. சக்கரத்தை மாட்டிச் சைக்கிளைக் கூரைமேல் நிற்க வைத்தார். பச்சை நைலான் கயிற்றால் நாலு மூலைக்கும் இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டார். நான் கீழே நின்று "அந்த வயரு மேல போடாதீக, அங்குட்டு இழுக்காதீக, இங்குட்டு" என்று கத்திக்கொண்டே இருந்தேன். பதினாறு முடிச்சு. எண்ணினேன்.

ரெண்டு மணி வெயிலில் கிளம்பினோம். மேலே என்ன ஆகிறது என்று பார்க்க ஒரே வழி நிழல்தான். வலப்பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ரோட்டில் காரின் நிழல், அதற்கு மேலே ஆளில்லாமல் ஓடும் என் சைக்கிளின் நிழல். புளியமரக் கிளை தாழ்ந்த இடத்தில் எல்லாம் "மெதுவா, மெதுவா" என்று அலறினேன்.

"என்னடி இது, பிள்ளத்தாச்சியக் கூட்டிட்டுப் போற மாதிரி சொல்லிக்கிட்டே வர்ற," என்றாள் சித்தி.

திருப்பத்தூரில் பூ வாங்க நிறுத்தினார்கள். பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில். அதற்குள் எனக்கு அனுமதி இல்லையே. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கழிப்பறை தேடிப் போனேன். அங்கே வரிசை. திரும்பி வர இருபது நிமிஷம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் கார் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, என் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு முழம் மல்லிகை சுற்றிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"உனக்காகத்தாண்டி வேண்டிக்கிட்டேன்," என்றாள் சித்தி. "நீ உள்ள வர முடியல. உன் வண்டிக்காவது வைப்போம்னு கதவுல ஏறி நின்னு வச்சேன்."

ஒரு நிமிஷம் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, கண்கூடக் கலங்கியது. அந்தக் கலங்கிய கண்ணால் ஹேண்டிலை மட்டும் பார்த்தேன். சக்கரத்தைப் பார்க்கவில்லை. ஏறிப் பார்த்திருக்க வேண்டும். இந்தக் கதையில் என் மேல் எனக்கே உள்ள கோபம் அந்த இடத்தில்தான்.

அத்தை வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. வீடு முழுக்க ஆட்கள். சைக்கிளைப் பிள்ளைகள் நோண்டுவார்கள் என்று சித்தப்பா இறக்கினதும் நேராக வீட்டுக்குக் கீழே இருந்த கடைக்குள் வைத்து ஷட்டரை இழுத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். நான் மாடியில் பையை வைத்துவிட்டு இறங்கி வருவதற்குள் கடைக்காரர் சாவியோடு போய்விட்டார்.

"ஒருக்கா செக் பண்ணணும் சித்தப்பா."

"காலைல அஞ்சரைக்கு வந்து தொறந்து விடுறேன்னுட்டாரு. சாப்புட்டுத் தூங்கு. ஓடப் போறது நீயா, சைக்கிளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்.

காலையில் ஷட்டர் மேலே போனது. குழல் விளக்கு இரண்டு தரம் துடித்து எரிந்தது. பார்த்தேன். இரண்டு சக்கரத்து டிஸ்கிலும் சுற்றிலும் சந்தனம், எட்டுப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். பூஜையறைத் தட்டில் வைக்கிற மாதிரி அளவெடுத்து வைத்திருந்தாள். பொட்டைச் சுற்றி எண்ணெய்ப் பளபளப்பு. செயினிலிருந்து எண்ணெய் ஒழுகிப் பின் டிஸ்க் வரைக்கும் கோடு. தரையில் ஒரு சின்ன வட்டம். முகர்ந்து பார்த்தேன், நல்லெண்ணெய்.

"சித்தீ!"

சித்தி பயந்துபோய் ஓடி வந்தாள். "என்னடி, என்னாச்சு?"

"இதுல ஏன் வச்சீக? இதுல ஏன் வச்சீக?"

"அதுதானடி வட்டமா, பளபளன்னு, பொட்டு வைக்கத் தோதா இருந்துச்சு. வெளக்கு போட்ட கையோட..."

"செயினு காஞ்சு கெடந்துச்சுத்தா," என்றார் பின்னாலேயே வந்த சித்தப்பா. "கோயில் வெளக்குல ஊத்துன மிச்ச எண்ணெய. சாமி எண்ணெய். ரெண்டு சொட்டு விட்டேன்."

ரெண்டு சொட்டா? மண்டபத்துக்கே அப்பளம் பொரிக்கலாம். அந்தச் செயினுக்கு நான் வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து மெழுகு போட்டிருந்தேன். அது காய்ந்துதான் இருக்க வேண்டும். அதை யாரிடம் போய்ச் சொல்ல? சட்டையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எண்ணெய் இன்னும் நன்றாகப் பரவியது.

பைபாஸுக்குப் போனோம். என் கிளம்பும் நேரம் ஏழு மணி நாலு நிமிஷம். அதற்கு முன் ஒரு அதிகாரி ஒவ்வொரு சைக்கிளாகச் சோதிக்கிறார். என்னுடையதை வாங்கி முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துத் தள்ளினார். சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும். அது யானை பிளிறுகிற மாதிரி கத்திக்கொண்டே சுகமாக உருண்டது. பின் பிரேக், அது கத்தக்கூட இல்லை.

"என்னம்மா இது? பிரேக்கே இல்லயே. இத வச்சு எறங்க விட முடியாது."

"எண்ணெ பட்டுருச்சு சார். சரி பண்ணிர்றேன்."

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "சார், அது சாமிக்கு வச்ச பொட்டு. ஒன்னும் ஆகாது. எங்க ஊருல லாரிக்கே வைப்போம்."

"லாரில கண்ணாடில வைப்பீங்க, டயர்ல வைப்பீங்க. பிரேக் லைனரக் கழட்டி அதுலயா வைப்பீங்க? நகருங்க சார்." என்னைப் பார்த்தார். "உன் நேரத்துக்குள்ள சரி பண்ணிட்டு வந்தா விடுறேன். இல்லன்னா உன் கடிகாரம் நீ இல்லாமலே ஓடும், தெரியும்ல?"

தெரியும். எனக்குரிய நொடியில் நான் கோட்டில் இல்லாவிட்டாலும் அவர்கள் கடிகாரத்தை அமுக்கிவிடுவார்கள். தாமதம் என் கணக்கில்.

ரோட்டோரம் உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றினேன். திருப்புளியை எடுத்து நாலு பிரேக் வில்லைகளையும் உருவினேன். எல்லாம் எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தன. டிஸ்கைச் சித்தியின் கைப்பையில் இருந்த சானிடைசரை ஊற்றித் துடைத்தேன். பாட்டில் காலி. வில்லையில் ஊறிய எண்ணெயை எரிக்காமல் எடுக்க முடியாது. அடுப்புக்கு எங்கே போவது, அந்தப் பொட்டல் ரோட்டில்?

"சூடம் இருக்கா சித்தி?"

"காதுகுத்துக்கு வச்சுருக்கதுடி."

"இருக்கா, இல்லையா?"

கொடுத்தாள். ஒரு கல்லின் மேல் சூடத்தைக் கொட்டி, வில்லைகளைக் கம்பியில் கோர்த்துக் காட்டினேன். சித்தப்பா தீக்குச்சி கிழித்தார். காற்றில் அணைந்தது. மறுபடி கிழித்தார். சித்தி முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு குத்த வைத்தாள். கரும்புகை எழும்பியது. நாங்கள் மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குனிந்து ஒரு பிரேக்குக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, போட்டிக்கு வந்த ஒருத்தி போன் எடுத்துப் படம் பிடித்தாள். எரிந்த வில்லையைத் தார் ரோட்டில் வைத்துத் தேய்த்தேன், விரல் நுனியெல்லாம் தோல் போச்சு. மறுபடி எரித்தேன், மறுபடி தேய்த்தேன். ஒலிபெருக்கியில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். பின் சக்கரம் உட்கார மாட்டேன் என்கிறது.

அதிகாரி பிரேக்கைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். கத்தியது, ஆனால் நின்றது. "போ" என்றார். கோட்டுக்கு ஓடினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் பத்து நொடி தாமதம்.

ஓட்டினதைப் பற்றி நீட்டிச் சொல்ல மாட்டேன். அந்த மாதிரி நான் எப்போதும் ஓட்டியதில்லை. அடிவயிறு ஒரு பக்கம் பிடித்து இழுத்தது. சந்தன வாசனையும் கருகிய வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. பைபாஸ் திருப்பத்தில் பிரேக் கத்திய கத்தலில் அங்கே கொடி பிடித்து நின்றவர் பின்னால் குதித்தார். முன்னால் கிளம்பிய இரண்டு பேரைத் தாண்டினேன்.

எட்டாவது வந்தேன். ஆறாவது வந்தவளைவிட ஐம்பது நொடி அதிகம்.

இரண்டு நிமிஷம் பத்து நொடி. ஐம்பது நொடி. கழித்துப் பார்க்க இன்ஜினியரிங் வேண்டாம்.

பேப்பர் ஒட்டிய பலகைக்கு முன்னால் நான் நின்றுகொண்டே இருந்தேன். சித்தப்பா தோளில் கை வைத்தார்.

"எட்டாவது வந்துட்டேல்ல! எத்தன பேருல? முப்பது பேரா? சூப்பர்த்தா. எல்லாம் சாமி பாத்துக்கிட்டாரு."

கையைத் தட்டிவிட்டேன். "ஆறு பேரத்தான் எடுக்குறாக."

"அடுத்த வருசம் பாத்துக்கலாம். வா, மணி ஆச்சு, மண்டபத்துக்குப் போகணும்."

அடுத்த வருஷம் எனக்கு அந்தப் பிரிவே கிடையாது என்று இவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கார் கதவை அடைத்த அடியில் கண்ணாடி தானாகக் கீழே இறங்கியது.

மண்டபத்து வாசலில் மேளம் தயாராக நின்றது. ஊரிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வந்த எங்கள் ஆட்கள் சீர் தூக்க வரிசையில் நின்றார்கள். நான் இன்னும் சைக்கிள் உடுப்பில், மேலே ஒரு துப்பட்டா சுற்றி, ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சித்தி எண்ணினாள். இந்தக் குடும்பத்தில் சித்தி எண்ண ஆரம்பித்தாலே எனக்குச் சனி.

"ஒரு ஆளு கொறையுதே. ஏய், இங்குட்டு வாடி. இதப் புடி."

கையில் வைத்தாள். அன்னாசித் தட்டு.

நான் தட்டையும் அவளையும் பார்த்தேன். "நேத்து இதத் தொடக் கூடாதுன்னீக."

"சத்தம் போடாத. எல்லாரும் பாக்குறாக."

"நேத்து என் மடியில இது இருந்திருந்தா சைக்கிள் டிக்கியில வந்துருக்கும். மேல ஏறியிருக்காது. நீங்க கதவுல ஏறி நின்னு பொட்டும் வச்சுருக்க மாட்டீக. நேத்துத் தீட்டு, இன்னைக்கு இல்லையா? இன்னைக்கு மூனாம் நாளுதான் சித்தி. கணக்கு உங்களுக்குத்தான் தெரியுமே?"

சித்தியின் முகம் வெளிறிப்போச்சு. சித்தப்பா பல்லைக் கடித்தார். "மொறைக்காரவக வீட்டு வாசல்ல வச்சு மானத்த வாங்காத. ஆளு கொறையுது, தூக்கிட்டு வா."

ஆள் குறைந்தால் தீட்டு போய்விடும். எனக்கு அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் தெரிந்தது. மேளம் ஆரம்பித்துவிட்டது. தூக்கினேன். கடைசி ஆளாக நடந்தேன். அன்னாசிக் கொண்டை நடக்க நடக்கத் தாடையில் குத்தியது. வீடியோக்காரர் "சிரிங்க மேடம்" என்றார். அவருக்கு நான் கொடுத்த பார்வை இன்னும் அந்த வீடியோவில் இருக்கும்.

எல்லாத் தட்டையும் மேடையில் வைத்தோம். இருபத்தொன்று என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சித்தப்பா மீசையைத் தடவினார். பாப்பாவுக்குக் காது குத்தினார்கள். அவள் வீறிட்டு அழுதாள். அங்கே இருந்தவர்களில் அவள் ஒருத்திதான் எனக்குத் துணை.

சாப்பாடு முடிந்தபின் அத்தை தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். சீர்த்தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பக் கூடாது. வெற்றிலை பாக்கோ, ஒரு பழமோ வைத்துத்தான் தருவார்கள். இருபது தட்டில் அப்படி வந்தது. இருபத்தோராவது தட்டு அப்படியே வந்தது, ரிப்பன்கூட அவிழாமல்.

"இந்த அன்னாசிய நீங்களே கொண்டுபோங்க அண்ணே. எங்க வீட்டுல ஒருத்தரும் தொட மாட்டாக, வாயி அரிக்கும்பாக. அதையே தட்டுக்கு வச்ச பழமா வச்சுக்கங்க."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியாமல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எவருக்கும் ஏன் என்று புரியவில்லை. சிரித்து முடித்தபோது எரிச்சல் இரண்டு மடங்காகியிருந்தது.

கார் கிட்டப் போனோம். அம்மா சொந்தக்காரர்களோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். சித்தப்பா டிக்கியைத் திறந்தார். இருபது தட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி ஒரு மூலையில் கிடந்தன. மிச்சமெல்லாம் வெட்டவெளி.

"பாத்தியா, இப்ப எம்புட்டு எடம் கெடக்கு!" என்றார் உற்சாகமாக. "நல்லா காலு நீட்டிப் படுத்துக்கிரும் உன் சைக்கிளு."

சக்கரங்களைக் கழற்றினேன். பழைய போர்வையை விரித்துச் சைக்கிளைப் படுக்க வைத்தேன். சித்தி அன்னாசியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வைக்க வந்தாள்.

"அது உள்ள வராது சித்தி."

"எடம் கெடக்கேடி?"

"வராது."

அவள் கையிலிருந்து அதை வாங்கினேன். பச்சை நைலான் கயிறு கார் சீட்டுக்கு அடியில் கிடந்தது. கதவில் ஏறி நின்று, கேரியரின் நட்டநடுவில் அன்னாசியைத் தட்டோடு வைத்தேன். நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினேன். பீரோ முடிச்சு. நேற்று பார்த்தே கற்றுக்கொண்டது. கயிறு முழுவதையும் சுற்றினேன்.

"ஏத்தா, என்ன பண்ணுற? பாக்குறவன் சிரிப்பான்."

"நேத்து மேல சைக்கிளு நின்னப்ப எவனும் சிரிக்கலயே."

"அது சைக்கிளு."

"ஆமா. அது சைக்கிளுதான்."

பதினாறாவது முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கினேன். சித்தப்பா என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, வண்டியைக் கிளப்பினார்.

நத்தம் தாண்டினோம். வெயில் பின்னாலிருந்து அடித்தது. காரின் நிழல் ரோட்டில் எங்களுக்கு முன்னால் நீண்டு போனது, அதன் உச்சியில் கொண்டையோடு ஒரு அன்னாசி. முன் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டேதான் சித்தப்பா ஊர்வரைக்கும் ஓட்ட வேண்டும். நேற்று நான் பார்த்துக்கொண்டு வந்த மாதிரி. சிங்கம்புணரியில் ஒரு மினி பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது.

"அந்தத் தகட்ட விட்டுட்டு மத்ததுல பொட்டு வைக்கலாமாடி?" என்று சித்தி முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"எதுலயும் வேணாம்."

திருப்பத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் இறங்கவில்லை. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே கூரையைக் காட்டிக் கேட்டார்.

"என்ன மாமா, அன்னாசியப் போயி மேல கட்டியிருக்கீக?"

சித்தப்பா என்ன சொல்லப் போகிறார் என்று ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்டேன். வேண்டுதல் என்பார், டிக்கியில் இடமில்லை என்பார், ஏதாவது சமாளிப்பார்.

அவர் டீயை ஊதினார். "பிள்ள கோவமா இருக்கு," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அதை அவிழ்க்கவில்லை. என்னையும் அவிழ்க்கச் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு அதோடுதான் போனார், செவ்வாயும். நாலாம் நாள் விடியலில் கல்லல் ரோட்டுக்கு நான் சைக்கிளை எடுத்தபோது பார்த்தேன். கண்ணாடிப் பேப்பரைக் காக்கா கிழித்து ஒரு பக்கத்தைக் கொத்தித் தின்றிருந்தது. கயிறு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. நானும் தொடவில்லை.